எப்படி இயங்குகிறது? களைத்த காலில் மிஞ்சும் வாட்

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும். இரவு வேலை முடிந்தவர்களும் பகல் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் மெஸ்ஸுக்குள் நுழைவார்கள். முதல் அரை மணி நேரம் எந்த மாஸ்டரும் வேகமாகத்தான் சப்பாத்தி போடுவார். எட்டரை மணிக்கு, சிலிண்டர் இளைத்து, சட்டை நனைந்து, ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் தட்டோடு நிற்கும்போதும் அதே வேகத்தில் சப்பாத்தி வந்தால்தான் மெஸ்ஸுக்குப் பெயர்.

இதே சந்திப்பில் குறுக்கிடும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் அகலமானவை, மேடு பள்ளம் அதிகமில்லாதவை. ஞாயிறு விடியலில் இங்கே மெல்லிய டயர் சைக்கிள்களைப் பார்க்கலாம். சிலரது ஹேண்டில்பாரில் சின்னத் திரை ஒன்றில் எண் ஓடும். அது வேகமில்லை, வாட். இன்று ஓடும் உலகின் பெரிய சாலைப் பந்தயங்களில் யார் வெல்வார் என்பதை, அந்த எண் புத்துணர்வோடு இருக்கும்போது எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, நாலாவது மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பது தீர்மானிக்கிறது. ஏன் இறங்குகிறது, சிலருக்கு மட்டும் ஏன் குறைவாக இறங்குகிறது? அந்த மெஸ்ஸின் சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிடலாம்.

கவுன்டருக்கு வரும் தட்டு

சமையலறைக்குள் என்ன நடந்தாலும் வெளியே தெரிவது, நிமிஷத்துக்கு எத்தனை சப்பாத்தி கவுன்டருக்கு வருகிறது என்பதுதான். சைக்கிளில் அதுதான் வாட். பெடலை எவ்வளவு அழுத்தி, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது. அழுத்தத்தில் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைவதை வைத்து இதை அளக்கிறார்கள். ஜெர்மன் பொறியாளர் உல்ரிச் ஷோபெரர் 1986-இல் தொடங்கிய எஸ்ஆர்எம் நிறுவனம்தான் இந்த அளவியைப் பந்தய உலகுக்குக் கொண்டுவந்தது.

வாரயிறுதியில் ஒழுங்காக ஓட்டுகிற ஒருவர் ஒரு மணி நேரம் 200 வாட் பிடித்தால் நல்ல ஓட்டம். 70 கிலோ எடையுள்ள உலகத்தர வீரர் ஏறத்தாழ 400 வாட் பிடிப்பார். மலையேற்றத்தில் வாட்டை உடல் எடையால் வகுத்துப் பார்ப்பார்கள். சமதளத்தில் எதிரி காற்று. அங்கே வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமென்றால், காற்றைத் தள்ளுவதற்கான சக்தி மட்டும் முப்பத்து மூன்று சதவீதம் கூட வேண்டும்.

கொல்லையில் விறகு, மூலையில் சிலிண்டர்

நம் மெஸ்ஸில் இரண்டு அடுப்பு. ஒன்று விறகடுப்பு. கொல்லையில் மலைபோல் விறகு கிடக்கிறது, தீரவே தீராது. ஆனால் திடீரென்று தீயைக் கூட்டு என்றால் கூடாது. சோறும் சாம்பாரும் நிதானமாக வேக அது போதும். இன்னொன்று கேஸ் அடுப்பு. குமிழைத் திருகினால் அந்த நொடியே சீறும். ஆனால் சிலிண்டர் ஒன்றுதான்.

உடலில் விறகு என்பது கொழுப்பு. ஒட்டிய வயிறுள்ள பந்தய வீரரிடம்கூட 40,000 கலோரிக்கு மேல் இருக்கும். சிலிண்டர் என்பது கிளைக்கோஜன். நாம் சாப்பிட்ட மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் வடிவம். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 500 கிராம், அதாவது 2,000 கலோரி.

இப்போது கணக்குப் பார்ப்போம். சராசரி 220 வாட்டில் நாலு மணி நேரம் ஓட்டினால் பெடலில் செய்த வேலை சுமார் 3,170 கிலோஜூல். உடல் எரித்த ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. ஒரு கலோரி என்பது நாலு கிலோஜூலுக்குச் சற்று மேல். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், பெடலில் எத்தனை கிலோஜூலோ கிட்டத்தட்ட அத்தனை கலோரி செலவு என்று சைக்கிள்காரர்கள் மனக்கணக்குப் போடுவார்கள். ஆக 3,000 கலோரிக்கு மேல் எரிந்திருக்கிறது. முழுக்க சிலிண்டரிலேயே ஓட்டியிருந்தால் மூன்றாவது மணி நேரத்திலேயே அடுப்பு அணைந்திருக்கும்.

எனவே முதல் பாடம்: விறகில் ஆகிற வேலையை விறகிலேயே முடிக்கிற உடலுக்குத்தான் கடைசி மலையில் கேஸ் மிஞ்சும். 250 வாட்டில் போகும்போது ஒருவர் பெரும்பாலும் கொழுப்பை எரிக்கிறார், பக்கத்தில் போகிறவர் கிளைக்கோஜனை எரிக்கிறார். திரையில் இருவருக்கும் ஒரே எண். நாலு மணி நேரம் கழித்து இருவரும் ஒரே ஆட்களாக இருக்க மாட்டார்கள்.

கல்லும் ஹாட் பாக்ஸும்

கவுன்டருக்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது. சப்பாத்திக் கல்லில் நிமிஷத்துக்குப் பத்து போடலாம், அதுவும் மணிக்கணக்கில். மாஸ்டர் காலையில் கொஞ்சம் முன்னதாகவே வந்து நாற்பது சப்பாத்தியைப் போட்டு ஹாட் பாக்ஸில் அடுக்கி வைத்திருக்கிறார். வரிசை நிமிஷத்துக்குப் பத்தாக இருக்கும்வரை பெட்டியைத் தொட வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆனால், நிமிஷத்துக்கு இரண்டு பெட்டியிலிருந்து போகும். இருபது நிமிஷத்தில் பெட்டி காலி. அதற்குப் பிறகு எவ்வளவு சத்தம் போட்டாலும் பத்துக்கு மேல் வராது. வரிசை தளர்ந்தால் மிஞ்சுகிற சப்பாத்தி மறுபடி பெட்டிக்குள் சேரும்.

உடற்பயிற்சி அறிவியலில் இதற்குச் சரியான கணக்கே உண்டு. 1965-இல் மோனோ, ஷெரர் என்ற இரு ஆய்வாளர்கள் தசை வேலையை அளந்து, ஒருவர் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்திக்கு ஓர் எல்லைக்கோடு இருப்பதைக் காட்டினார்கள். கல்லின் வேகம் போன்ற அந்தக் கோட்டை எல்லைச் சக்தி என்போம். அதற்கு மேலே போனால் செலவாவது ஓர் அளவான கையிருப்பு. பெரும்பாலோருக்கு அது 15 முதல் 25 கிலோஜூல் வரை.

எல்லைச் சக்தி 400 வாட், கையிருப்பு 20 கிலோஜூல் உள்ள வீரர் 450 வாட்டில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 ஜூல் கையிருப்பிலிருந்து போகிறது. 400 நொடி, அதாவது 6 நிமிஷம் 40 நொடி தாங்குவார். பந்தயத்தின் முதல் மணி நேரத்தில் இந்தக் கணக்கு அழகாக ஒத்துவரும்.

எட்டரை மணிக் கணக்கு

சிக்கல் எங்கே வருகிறது? கல்லின் வேகம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்ததில்.

கமர்சியல் சிலிண்டரில் பெரிய பர்னரைத் தொடர்ந்து எரித்திருப்பவர்களுக்குத் தெரியும். திரவமாக உள்ளே கிடக்கும் வாயு ஆவியாக மாற வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரிலிருந்தே உறிஞ்சுகிறது. வெளியே வேர்த்து, சில நேரம் உறைபனியே பூக்கும். உள்ளே இன்னும் வாயு இருக்கும், குமிழும் முழுதாகத் திறந்திருக்கும், ஆனால் தீ இறங்கிவிடும். கல் சூடேறாது. பத்து ஒன்பதாகும்.

தசையிலும் அப்படித்தான். கிளைக்கோஜன் முழுசாகத் தீர்ந்த பிறகுதான் களைப்பு வரும் என்று நினைக்க வேண்டாம். தசை நார் சுருங்க வேண்டுமென்றால் அதற்குள் கால்சியம் வெளிவர வேண்டும். நாருக்குள் கிளைக்கோஜன் குறையக் குறைய அந்தக் கால்சியம் வெளியீடே தளர்கிறது. போதாததற்கு, நிதானமாக உழைக்கும் நார்கள் களைத்துவிட்டால், மூளை வேகமான நார்களைக் கூப்பிடுகிறது. அவை அதே வேலைக்கு அதிக ஆக்சிஜனும் அதிக கிளைக்கோஜனும் கேட்கும். கை தேர்ந்த மாஸ்டர் ஓய்ந்துபோய், அவசரக்காரப் பையன் கல்லுக்கு வந்ததுபோல. சப்பாத்தி வரும், மாவும் கேஸும் வீணாகும்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் இதை அளந்தார்கள். இரண்டு மணி நேரம் கடினமாக ஓட்டிய பிறகு எல்லைச் சக்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. ஓட்டும்போதே மாவுச்சத்து கொடுக்கப்பட்டவர்களிடம் அந்த இறக்கம் பெரிதாகத் தெரியவில்லை.

பத்து சதவீதம் சின்னதாகத் தோன்றும். மேலே சொன்ன வீரரின் 400 வாட்டை 360 ஆக்கிப் பாருங்கள். அதே 450 வாட்டில் ஏறினால் இப்போது நொடிக்கு 90 ஜூல் போகும். 20 கிலோஜூல் 222 நொடியில் தீரும். 6 நிமிஷம் 40 நொடி தாங்கியவர் 3 நிமிஷம் 42 நொடியில் நின்றுவிடுவார். கையிருப்பும் குறைந்திருந்தால் அதற்கும் முன்னால். எல்லைக்கோடு பத்து சதவீதம் இறங்க, தாங்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பந்தயங்களின் கடைசியில் ஒரு வீரர் திடீரென்று கயிறு அறுந்ததுபோல் பின்தங்குவதன் கணிதம் இதுதான்.

இத்தாலியின் மிலான்–சான் ரெமோ பந்தயம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அதன் முடிவு பெரும்பாலும் கடைசியில் வரும் போஜியோ என்ற குன்றில் தீர்மானமாகும். வெறும் 3.7 கிலோமீட்டர். முன்னணி வீரர்கள் ஆறு நிமிஷத்துக்குள் ஏறிவிடுவார்கள். ஓய்ந்த காலோடு அந்த ஆறு நிமிஷத்தில் என்ன வாட் வருகிறது என்பதுதான் கேள்வி. நம் ஊரில் இதற்கு நிகராக ஒன்றைக் கற்பனை செய்யலாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி கடந்து ஏறத்தாழ நூற்றெண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஏலகிரி அடிவாரத்தில் திரும்பி, புலவர்களும் வள்ளல்களும் பெயர் கொடுத்திருக்கும் அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவது. காரில் போய் அடிவாரத்தில் சைக்கிளை இறக்கி ஏறுகிறவருடைய நேரமும் இவருடைய நேரமும் வேறு வேறு விஷயங்களைச் சொல்லும்.

2021-இல் டெயுன் வான் எர்ப், டாயோ சாண்டர்ஸ், ராபர்ட் லாம்பர்ட்ஸ் ஆகியோர் தொழில்முறை வீரர்களின் பவர் மீட்டர் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையின் சாரமும் இதுவே. நிறைய வேலை செய்த பிறகும் சக்தியை விடாமல் பிடித்திருப்பது வெற்றிக்கு முக்கியமான காரணி. மேல்வரிசை வீரர்களுக்கு இறக்கம் குறைவு.

மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தின் வெலோட்ரோமில் நடக்கும் ஸ்பிரின்ட் வேறு ஆட்டம். அங்கே சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும், ஹாட் பாக்ஸ் நிறைந்திருந்தால் போதும். சாலைப் பந்தயத்தில் முதலில் சமையலறையையே களைக்க வைத்துவிட்டு, பிறகுதான் தேர்வு வைக்கிறார்கள்.

புகைபோக்கி இல்லாத சமையலறை

எரித்த ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு பெடலுக்கு என்றால் மீதி எங்கே போகிறது? சமையலறையைச் சூடாக்குகிறது. 250 வாட் மிதிக்கிறவரின் உடலுக்குள் 750 வாட்டுக்கும் மேல் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். வெளியேற்ற நமக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. காற்றில் ஈரம் நிறைந்த நம் வட மாவட்டங்களில் அது ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது.

அப்போது உடல் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக் குளிர்விக்கப் பார்க்கும். தசைக்குப் போக வேண்டிய ரத்தத்துக்குப் போட்டி. வியர்த்ததில் ரத்தத்தின் அளவும் குறைந்திருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளுவது குறைய, துடிப்பின் எண்ணிக்கை கூடும். 180 வாட்டில் முதல் மணி நேரம் 140 துடித்த நெஞ்சு, மூன்றாவது மணி நேரத்தில் அதே 180 வாட்டுக்கு 155 துடிப்பதைப் பலரும் திரையில் பார்த்திருப்பார்கள். சாலை மாறவில்லை, வாட்டும் மாறவில்லை. உள்ளே அனல் ஏறிவிட்டது.

எரியும்போதே சிலிண்டரை நிரப்புவது

சாப்பிட்டுக்கொண்டே ஓட்டினால் என்ன? ஓட்டலாம். ஆனால் குழாயின் விட்டத்துக்கு மேல் வாயு போகாது. குடலில் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் வாசல் மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடும். ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல் இருக்கிறது. இரண்டையும் கலந்து கொடுத்தால் மணிக்கு 90 கிராம் வரை போகும். இன்றைய தொழில்முறை வீரர்கள் குடலையும் பழக்கி 120 கிராம் வரைகூட எடுக்கிறார்கள்.

விலை உயர்ந்த ஜெல்லில்தான் இந்தக் கலவை கிடைக்கும் என்றில்லை. நம் வீட்டுச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில், இரண்டு வாழைப்பழம் என்று மணிக்கு மணி போனால் பெரும்பாலோருக்குப் போதும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் தீ இறங்கிய பிறகு சிலிண்டர் தேடிய கதைதான். முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும்.

சமையலறையை விரிவாக்குவது

களைப்பைத் தாங்கும் திறனில் பிறவிக்கும் பங்கு உண்டு. ஆனால் கட்டிக்கொள்ளவும் முடியும். வழிகள் மூன்று.

முதலாவது, விறகடுப்புகளைக் கூட்டுவது. பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய நிதானத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாவும் நுண் ரத்தக் குழாய்களும் பெருகும். அதே வாட்டில் கொழுப்பின் பங்கு கூடும். தொழில்முறை வீரர்களின் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி இந்த அலுப்பான நிதானத்தில்தான் போகிறது.

இரண்டாவது, பளு. நார்வேயின் பென்ட் ரோன்னஸ்டாட் குழுவினர் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நன்கு பயிற்சி பெற்ற வீரர்களில் ஒரு பிரிவினர் வழக்கமான ஓட்டத்தோடு 12 வாரம் கனமான பளுப் பயிற்சியும் செய்தார்கள். பிறகு 185 நிமிஷம் ஓட்டவிட்டு, கடைசியில் 5 நிமிஷம் முழு மூச்சாக மிதிக்கச் சொன்னார்கள். அந்த 5 நிமிஷச் சக்தி ஏறத்தாழ 7 சதவீதம் கூடியிருந்தது. நிதான நார்களுக்கு வலுவேறியதால் அவை தாமதமாகக் களைத்தன என்பது பொதுவான விளக்கம்.

மூன்றாவது, செலவழிக்காமல் இருப்பது. பெல்ஜியப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் 2018-இல் 121 பேர் கொண்ட கூட்டத்தின் காற்றோட்டத்தை ஆராய்ந்தார். கூட்டத்தின் நடுவில் நன்றாக மறைந்து ஓட்டுகிறவர் சந்திக்கும் காற்றுத் தடை, தனியாக ஓட்டுகிறவருடையதில் 5 முதல் 10 சதவீதம் வரைகூட இறங்கும். அணித் தலைவரை நாலு மணி நேரம் நடுவில் வைத்துக் காப்பது உபசாரமில்லை. கடைசிப் பந்திக்கு சிலிண்டரை எடுத்து வைப்பது.

சமையலறையில் இல்லாத ஒன்று

சிலிண்டருக்கு மனம் கிடையாது, வீரருக்கு உண்டு. கசக்கும் வலியை எவ்வளவு பொறுப்பது என்று மூளை ஒவ்வொரு நிமிஷமும் பேரம் பேசுகிறது. தூக்கம், சூடு, பயம் எல்லாம் அந்தப் பேரத்தில் சேரும். 2023 ஜூலை 19 அன்று, டூர் டி பிரான்ஸின் பதினேழாவது பந்தய நாளில், கோல் டி லா லோஸ் மலையில் தாடே போகாச்சார் ஒரே நாளில் யோனாஸ் விங்கெகோரிடம் 5 நிமிஷம் 45 நொடி இழந்தார். உலகின் தலைசிறந்த ஏற்றக்காரர்களில் ஒருவருக்கும் இப்படி ஒரு நாள் வரும். பதினேழாம் நாள் களைப்பை எந்த ஒரே சமன்பாட்டிலும் அடக்க முடியாது.

நம்மவர்களும் இதன் எல்லையைத் தொட்டிருக்கிறார்கள். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’வைத் தனியாக முடித்த முதல் இந்தியர், ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத். 2017-இல் பன்னிரண்டு நாள் கெடுவுக்குள் முடித்தார். அதே ஆண்டு நாக்பூரின் மருத்துவர் அமித் சமர்த்தும் முடித்தார். அங்கே சப்பாத்திக் கல்லின் உச்ச வேகத்தை யாரும் கேட்பதில்லை. அடுப்பு அணையாமல் இருந்தால் போதும்.

உங்கள் இறக்கம் எவ்வளவு?

பவர் மீட்டர் வைத்திருந்தால் சோதனை எளிது. ஒரு வாரம், நன்றாக ஓய்வெடுத்துச் சூடேற்றிய பிறகு 5 நிமிஷம் முழு மூச்சாக மிதித்து சராசரி வாட்டைக் குறியுங்கள். அடுத்த வாரம், 1,500 கிலோஜூல் நிதானமாக ஓட்டி முடித்த பிறகு அதே 5 நிமிஷம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்தில் எவ்வளவோ அதுவே உங்கள் இறக்கம். பவர் மீட்டர் இல்லையென்றால், காற்றில்லாத காலையில் ஒரே நீளச் சாலையை ஒரே வேகத்தில் முதல் மணியிலும் மூன்றாவது மணியிலும் ஓட்டி, நாடித் துடிப்பு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முழு மூச்சுச் சோதனைக்கு இறங்க வேண்டாம்.

முதல் பத்து கிலோமீட்டர் வேகத்தை வைத்துச் சக ஓட்டிகளோடு போட்டி போடாதீர்கள். அந்த நேரத்தில் எல்லோரிடமும் ஹாட் பாக்ஸ் நிறைந்திருக்கிறது. இன்னொன்று: இந்தச் சாலைகள் கன்டெய்னர் லாரிகளுக்கும் ஷிப்ட் பஸ்களுக்கும் உரியவை. இரவு முழுக்க வண்டி ஓட்டிய டிரைவரும் களைத்துத்தான் வருவார். பின்விளக்கை எரியவிட்டு, ஷிப்ட் மாறும் நேரத்துக்கு முன்பே ஒரகடம் சந்திப்பைக் கடந்துவிடுங்கள்.